மேற்சுமை

தம்புச் செட்டித் தெருவில் மூன்றாம் மாடி.
கீழே ஜெராக்ஸ் கடை. அதன் சூடு
படிக்கட்டு ஏறி என் கால்மாட்டில் படுத்துக்கொள்ளும்.
பக்கத்துக்குத் தொண்ணூறு ரூபாய்.
பத்திரம், வாக்குமூலம், விவாகரத்து, வில்லங்கம்,
எதையும் கேள்வி கேட்காமல் தமிழாக்குவேன்.

ஐப்பசி மழையில் நனைந்த உறையில் வந்தது
ஏழூத்து மலை.
ஆங்கிலத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
மலைக்காரர்களுக்குத் தமிழில் தரவேண்டியது
சுருக்கம் மட்டும், பதினோரு பக்கம்.
மிச்சத்தை அவர்கள் சார்பில்
நான் ஒருத்திதான் படித்திருப்பேன்,
அதுவும் சாப்பாட்டு நேரத்தில், கூலியில்லாமல்.

நாலாம் பக்கத்தில் ஓவர்பர்டன்.
தாதுவுக்கு மேலே கிடப்பதெல்லாம் அதுவாம்:
மண், வேர், தேனடை தொங்கும் பாறை,
பிணம் புதைத்த மேடு,
தோண்டுகிறவனுக்கு எது இடைஞ்சலோ அது.
அகராதி கைவிரித்தது.
மேல்மண் என்று அடித்தேன். அழித்தேன்.
மூடுமண். மெத்தென்று இருந்தது, பொய் மாதிரி.
கடைசியில் உள்ளதை உள்ளபடி
மேற்சுமை.

கருத்துக் கேட்புக் கூட்டம் மலையில் அல்ல.
பாதுகாப்புக் காரணங்களை முன்னிட்டுச்
சைதாப்பேட்டைக் கல்யாண மண்டபத்தில்.
முந்தின நாள் முகூர்த்தத்து வாழைமரம்
வாசலில் இன்னும் வாடாமல் நின்றது.
இரவுப் பேருந்தில் கிளாம்பாக்கம் வந்து
வழி விசாரித்து, மாறி மாறி ஏறி
நாற்பத்தொரு பேர் பதினொன்றரைக்கு நுழைந்தார்கள்.
வருகைப் பதிவேட்டைப் பதினொன்றுக்கே மூடியாயிற்று.
குறைந்துபோன ஐம்பது பிரதிகளைச் சுமந்துகொண்டு
நானும் போயிருந்தேன்.

ஆளுக்கு மூன்று நிமிடம்.
பொன்னுருவி எழுந்தாள்.
மைக் அவள் நெற்றிக்கு மேல். யாரும் இறக்கவில்லை.
அண்ணன் மகன் வாசித்துக் காட்டிய தாளை
நாலாய் மடித்துப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"மேற்சுமைன்னு போட்டிருக்கீங்க.
சுமைன்னா ஒரு தலை வேணுமே.
எங்க வரகுக்காடு யாரு தலையில இருக்குது, சார்?"

மேடையில் ஒருவர் தண்ணீர் குடித்தார்.
இன்னொருவர் சிரித்தபடி,
"அது மொழிபெயர்ப்புக் கோளாறும்மா" என்றார்.
கோளாறு கடைசி வரிசையில்
பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.
வாயைத் திறக்கவில்லை.
பொன்னுருவிக்கு இன்னும் இரண்டு நிமிடம் மிச்சம்.
இரண்டையும் நின்றுகொண்டே கழித்தாள்.
மணி அடித்ததும் உட்கார்ந்தாள்.

கார்த்திகையில் நடவடிக்கைக் குறிப்பு வந்தது,
இந்த முறை தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு,
டெல்லிக்குப் போகும் பிரதி.
நாலே பக்கம். நாற்பத்தொரு பேரும் ஒரே வரியில்:
'மலைவாழ் மக்கள் கேட்டுக்கொண்டனர்.'

வேண்டினார்களா, செவிசாய்த்தார்களா?
கேட்கிற வாய்க்கும் கேட்கிற காதுக்கும்
நம்மிடம் ஒரே வினைச்சொல்.
பழைய நிகண்டில் கேள் என்றால் உறவு.
கேட்புக் கூட்டம் என்று பெயர் வைத்தவருக்கு
இதெல்லாம் தெரிந்திருக்காது,
அல்லது நன்றாகவே தெரிந்திருக்கும்.
ஆங்கிலம் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளும்.

ஆலோசனை நிறுவனத்து ஹரீந்திரனுக்குப் போன் போட்டேன்.
"காதால கேட்டதுதான் மேடம். அப்படியே போடுங்க.
அஞ்சு மணிக்குள்ள வேணும்."

வாயால் கேட்டதாக எழுதினேன்.
எழுதியதும் வாக்கியம் அந்தரத்தில் நின்றது.
கேட்டால் பதில் வேண்டுமே.
நாலு பக்கத்தையும் புரட்டினேன். இல்லை.
கீழே 'பதில்' என்று மட்டும் அடித்து
எதிரே ஒன்றும் போடாமல் அனுப்பினேன்.

அழித்துவிடுவார்கள், தெரியும். ஒரு சொடுக்கு.
பில்லில் முந்நூற்றறுபது.

பீச் ஸ்டேஷனில் நெரிசல். மழை விட்டிருந்தது.
ரயிலில் ஒரு கல்லூரிப் பெண்
தன் பையை என் தோளில் சாய்த்துவிட்டு
"வெயிட்டா இருக்கா, அக்கா?" என்றாள்.

கேட்டாளே.